நான் அவிழ்த்த சங்கிலி

சங்கிலி என் கையை விட்டு நழுவவில்லை. நான்தான் விட்டேன். முப்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவன், எழுபது வயதுக்கு மேல், ஒரு கேலிப் பேச்சைப் பொறுக்காமல் செய்த காரியம் அது.

குற்றாலத்தில் சாரல் பிடித்தால் தென்காசிக்கும் வந்துவிடும். காலையில் ரோடு, வயல், ஆட்கள் எல்லாம் பாலில் ஊறியது போல மங்கித் தெரியும். அப்படியொரு காலையில் என் ராஜபாளையம் நாயோடு வழக்கமான டீக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா தனி ஆள். ஒரு செவலை நாட்டு நாய்தான் அவருக்குத் துணை. அடுப்பைப் பற்றவைக்கும்போதே காலடியில் வந்து படுத்துவிடும். அதைக் கண்டால் என் நாய் உறுமும். நான் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன்.

பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, ராஜபாளையம்னு சொல்லுதிய, வெறும் உறுமலோட நிக்குது? வெள்ளாட்டுக் குட்டியப் புடிச்சிட்டு வந்திட்டியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சுற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.

அந்தச் சண்டை இன்றும் எனக்குச் சத்தமில்லாமல்தான் நினைவுக்கு வருகிறது. சாரலுக்குள் வெள்ளையும் செவலையும் ஒன்றாகிச் சுழன்றன. யாரோ வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். பிரிந்தபோது செவலையின் கழுத்து கிழிந்து, ஒரு முன்னங்கால் தொங்கியது.

"கை நழுவிட்டும்மா" என்றேன்.

பத்து நாள் செவலையை மடியில் வைத்து ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் நாயை வீட்டோடு நிறுத்தினேன். காயம் ஆறத் தொடங்கிய பிறகுதான் உண்மையைச் சொல்ல வாய் வந்தது.

"தெரியும் அண்ணாச்சி. நீங்க அவுத்ததப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றார், டீயை ஆற்றியபடியே.

அதன் பிறகும் தினமும் பிஸ்கட்டோடு போனேன். ஒரு நாள் செவலையைக் காணவில்லை.

"ஒங்க செருப்புச் சத்தம் கேட்டாலே ஒண்ணுக்குப் போயிருது, பாவம். அச்சன்புதூர்ல எங்க அக்கா வீட்ல விட்டுட்டேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை நிற்கவிடவில்லை.

"நான் இனி இந்தப் பக்கம் வரல. நீங்க அதக் கூட்டிட்டு வந்துருங்க."

"சரி" என்றார். ஒரு பேச்சுக்குக்கூட, வாங்க என்று சொல்லவில்லை.

இப்போது வாய்க்காலுக்கு அக்கரையில் நடக்கிறேன். சாரல் கொஞ்சம் விலகும்போது வயலுக்கு அப்பால் கடை தெரிகிறது. அடுப்புப் பக்கம் செவலையாக ஏதோ கிடக்கிறது. சில நாள் அது எழுந்து நடப்பது போலவும் இருக்கிறது. நொண்டுகிறதா என்பது இவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது.