சரி அக்காவின் ஆட்சேபணை

எங்கள் குடியிருப்பில் அவருக்குச் 'சரி அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா, முதுகுக்குப் பின்னால் சரி அக்கா. தண்ணீர் மோட்டார் சாவி இந்த மாதமும் உங்களிடமே இருக்கட்டும் என்றால் சரி. உங்கள் வாசலில் எங்கள் சைக்கிளை நிறுத்திக்கொள்கிறோம் என்றால் அதற்கும் சரி. வாயில்லாப் பூச்சி என்பார்களே, அதை நேரில் பார்க்க மூன்றாவது மாடிக்குப் போனால் போதும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே அவரைப் பார்த்தால் எரிச்சலாக வரும்.

அவர் வாழ்க்கையும் அப்படித்தான் போயிருந்தது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, படித்தது போதும் என்றார்கள். சரி என்றார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மாப்பிள்ளை, கட்டிக்கொள் என்றார்கள். அதற்கும் சரி. அவர் சொன்ன சரிகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் கருத்து. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் போட்டே ஓய்வு பெற்றார். பிறகு மகன் தன் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கூட வந்து தங்கினான். பிள்ளைகள் படிக்க ஓர் அறை வேண்டும் என்றான். கிழவனும் கிழவியும் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஹாலில் டிவி இருந்தது. அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் காருக்குக் குடிபோனார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் வீடு தரைத்தளம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரியும். சாயங்காலம் ஆனதும் இரண்டு பேரும் மெதுவாக இறங்கி வந்து, தங்கள் பழைய சாம்பல் நிறக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கணவர் ஸ்டியரிங் பக்கம், அக்கா பக்கத்து இருக்கை. வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார், நெஞ்சில் கோளாறு. ஆனாலும் மனுஷன் உட்கார்ந்தவுடன் பெல்ட்டை மாட்டுவார், கண்ணாடியைச் சரிசெய்வார். தொழில் புத்தி. கார் ஓர் அங்குலம் நகராது. எதிரே சுவர். அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். இருட்டிய பிறகுதான் மேலே போவார்கள்.

ஒரு நாள் அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒரு சாயங்காலம் அக்கா மட்டும் இறங்கி வந்தார். பக்கத்து இருக்கையிலேயே ஏறி உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். என் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகனைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் நியாயம் இல்லை. வீட்டுக்கு ஓர் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஓடாத கார் நின்றது. அவனுடைய கார் தெருவில் நின்று, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கீறல் வாங்கியது. அப்பாவின் காரை விற்றுவிடலாமா என்று கேட்டான். கார் அம்மா பெயருக்கு மாறியிருந்தது. அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. வாங்குகிற ஆளையும் பிடித்துவிட்டான்.

ஆள் வந்து பார்ப்பதற்கு முந்தின நாள் காலையில், காரின் முன்சக்கரத்தில் மஞ்சள் இரும்புப் பூட்டு தொங்கியது. கண்ணாடியில் அபராதச் சீட்டு ஒட்டியிருந்தது.

எங்கள் குடியிருப்பில் வெளியாட்கள் காரை நிறுத்துகிறார்கள் என்று சங்கத்தில் கூச்சல் போட்டு, ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனியைக் கூட்டி வந்திருந்தோம். கம்பெனி கொடுத்த ஸ்டிக்கர் இல்லாத காருக்குப் பூட்டு. வெளியாள் ஒருவனும் மாட்டவில்லை. மாட்டியதெல்லாம் எங்கள் மாமனார், எங்கள் மச்சான், எங்கள் வீட்டுக்கு வந்த டாக்டர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அக்கா காரின் ஸ்டிக்கர் இறந்தவர் பெயரில் இருந்தது. ஆள் இல்லை என்றதும் கம்பெனி அதை ரத்து செய்துவிட்டது. புது ஸ்டிக்கர் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மகன் குதித்தான். வாங்க வந்தவன், வில்லங்கம் பிடித்த வண்டி எனக்கு எதற்கு என்று நழுவினான். சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள் இருந்தன. உரிமையாளர் ஆட்சேபணை எழுதலாம். அது முடிவாகும்வரை அபராதம் வாங்கமாட்டோம், பூட்டை எடுக்கமாட்டோம், வண்டியை யாரும் நகர்த்தக்கூடாது. தள்ளுபடியானால் மறுபடி எழுதலாம். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"நீ எதுவும் கட்டாத. நான் எழுதறேன்" என்றார்.

மகன் வாயைப் பிளந்தான். சரி அக்கா சண்டைக்குக் கிளம்பிவிட்டார் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு. படிக்கட்டில் பார்த்தவர்களெல்லாம், விடாதீங்க அக்கா என்று உசுப்பேற்றினார்கள்.

முதல் மனுவில், இந்தக் காரால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று எழுதினார். தள்ளுபடி. அடுத்ததில், என் கணவர் எப்போதும் கோட்டுக்குள் நேராக நிறுத்துவார் என்று எழுதினார். அதுவும் தள்ளுபடி. மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பீர்கள். பூட்டு மழையில் நனைகிறது, துருப்பிடிக்காமல் கவனித்துக்கொள்ளவும்!

எனக்குப் பொறுக்கவில்லை. இப்படியா சண்டை போடுவது என்று கேட்டுவிடலாமென்று கரண்டியோடு போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். அக்கா கையை நீட்டிப் பின்கதவைத் திறந்தார்.

"வாங்க. பின்னாடி உட்காருங்க."

முன்னால் ஸ்டியரிங் பக்கம் காலியாகத்தான் இருந்தது. நான் பின்னால் ஏறினேன்.

"ஏங்க, ஜெயிக்கிற மாதிரி எழுத மாட்டீங்களா? இப்படி எழுதினா ஜென்மத்துக்கும் பூட்டை எடுக்க மாட்டாங்களே!"

"எடுக்க வேணாம்" என்றார். சன்னமான குரல், ஆனால் தெளிவாகச் சொன்னார். "எடுத்தா வித்துடுவான். பூட்டு இருக்கிறவரைக்கும் வண்டி இங்கேதானே நிக்கும்? இவங்க சக்கரத்தைத்தான் பூட்டியிருக்காங்க. கதவைப் பூட்டலையே."

நான் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டேன். என் வாயை அடைத்தவர்கள் குறைவு.

"உட்கார்ந்ததும் அவரு, எங்கேம்மா போகணும்னு கேப்பாரு. நேரா போங்கன்னு சொல்வேன். நேரா போனா சுவருதான். தினமும் இதே கூத்து, தினமும் சிரிப்போம்" என்றார். காலி இருக்கையின் பெல்ட்டை நேராக்கி வைத்தார். "சாகறதுக்கு முன்னாடி ஒரு நாள், எனக்குப் பயமா இருக்குடின்னு அழுதாரு. இங்கே உட்கார்ந்துதான். மேல ஹால்ல உட்கார்ந்து அழ முடியுமா? பிள்ளைங்க கார்ட்டூன் பார்க்குதுங்க."

நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மகனிடம் இதைச் சொல்லுங்களேன் என்றேன். சரி என்றார். சொல்லவில்லை. நான் சொல்கிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் அக்காவின் தம்பி வந்து சேர்ந்தார். வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. எதிலும் ஒரு பாயிண்ட் கண்டுபிடிப்பார், அதனால் பாயிண்ட் தம்பி. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஜாதி. அக்கா தனக்காகப் படிப்பை விட்டவர் என்ற கடன் அவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மனுக்களைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னக்கா எழுதி வச்சிருக்க? சீட்டைக் கொடு. ஏதாச்சும் ஒரு பாயிண்ட் இல்லாமலா போயிடும்!"

"உனக்கு எதுக்குடா சிரமம்? நானே பார்த்துக்கறேன்" என்றார் அக்கா. அவர் சக்திக்கு அது பெரிய எதிர்ப்பு. தம்பி காதில் ஏறவில்லை. எனக்காக நீ எவ்வளவோ செஞ்சிருக்க, இதையாவது நான் செய்யறேன் என்றார். அந்த அன்பின் முன்னால் அக்காவுக்கு வழக்கமான வார்த்தைதான் வந்தது.

பாயிண்ட் கிடைத்தது. சீட்டில் இறந்தவர் பெயர் இருந்தது. ஆள் இல்லை என்று தெரிந்துதான் ஸ்டிக்கரை ரத்து செய்திருக்கிறார்கள், பிறகு அதே ஆளுக்கு எப்படி நோட்டீஸ் கொடுப்பார்கள்? தம்பி எழுதிய ஒரே பக்கத்தில் கம்பெனி கவிழ்ந்தது. அபராதம் ரத்து, பூட்டு அகற்றப்படும், வருந்துகிறோம்.

பூட்டுக்காரர் வந்து பூட்டைக் கழற்றியபோது குடியிருப்பே கூடி நின்று கைதட்டியது. கம்பெனியை முதல்முதலாகத் தோற்கடித்திருக்கிறோம் அல்லவா! சங்கத் தலைவர் அக்காவுக்கு மாலை வாங்கட்டுமா என்று கேட்டார். மகன், "ஜெயிச்சுட்டம்மா!" என்று தோளைக் கட்டிக்கொண்டான். தம்பி கண்ணில் தண்ணீர். அக்கா எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னலைச் சாத்தினேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பழைய ஆளே திரும்பி வந்து காரை வாங்கிக்கொண்டான். பேட்டரி செத்துப்போயிருந்தது, இழுத்துக்கொண்டு போனார்கள். அக்கா மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. அன்றைக்கே மகனின் கார் அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

சில நாள் கழித்து, சாயங்காலம் அக்கா கீழே வந்தார். மகனின் காருக்கும் பக்கத்துக் காருக்கும் நடுவில் நின்றார். எங்கே உட்கார்வது என்று தெரியாத மாதிரி நின்றார். அம்மாவைக் காணோமே என்று மகன் தேடிக்கொண்டு இறங்கி வந்தான். இங்கே என்னம்மா பண்ற என்று கேட்டான். அவ்வளவுதான், நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன். சாயங்காலச் சங்கதி, மனுக்கள் ஏன் அப்படி இருந்தன, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா என்னைத் தடுக்கவில்லை.

மகன் முகம் வெளிறிப்போயிற்று. கெட்டவன் இல்லை என்று முன்னமே சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. உட்கார்ந்து பேசியிருக்கலாமே."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே பதில் தெரியவேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"எங்கடா உட்கார்ந்து?"

பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. தாயும் மகனும் வழியை விட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள்.