பதில் ஹோர்ன்

எங்கள் லொறியின் சத்தத்தை முதலில் திட்டத் தொடங்கியது நான்தான். றொசல்லப் பக்கத்துச் சிறு தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து ஏற்றி பெக்டரியில் கொண்டுபோய்ப் போடுவது எங்கள் பிழைப்பு. என் வீட்டுக்காரர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போய், ஒவ்வொரு இடத்திலும் இறங்கிக் கொழுந்தை நிறுத்து ஏற்றுவேன். நாள் முழுக்க ஒரே சீட்டில் இருந்தும் ஒரு வார்த்தை நிம்மதியாகப் பேச முடியாது. பசிக்கிறதா என்று கேட்பதையும் கத்திக் கேட்டால் சண்டை மாதிரித்தானே இருக்கும்? வீட்டுக்கு வந்தாலும் லயத்து வரிசை வீடுகளே அதிர டீவி வைப்பார். எஞ்சின் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, எஞ்சினை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஹட்டன் கராஜில் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்கிற மெக்கானிக், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற அண்ணன், பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னார்.

"எஞ்சின எறக்கிச் செய்யலாம் தங்கச்சி. ஆனா சத்தம் முழுசா போகாது. ஜப்பான் எஞ்சின் ஒன்னு வந்திருக்கு. அதப் போட்டா ஓடுறதே தெரியாது."

நான் அவர் சொன்னதை என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே கத்திச் சொன்னேன். இவர் ஒற்றைக்காலில் நின்றார். "பழசே இருக்கட்டும். செஞ்சு ஓட்டுவோம்." ஏன் என்று கேட்டால் அதையே திரும்பச் சொன்னார். பழைய எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். மூன்று மாதம் நச்சரித்து, கடைசியில் நானே ஜெயித்தேன்.

புது எஞ்சின் போட்டுப் போன முதல் நாளை மறக்கமாட்டேன். லொறி அவ்வளவு அமைதியாக ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொழும்பில் வேலை செய்யும் மகளைப் பற்றி, தீபாவளிக்கு அவள் வருவதைப் பற்றி, கத்தாமல், சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே வந்தேன். அவர் ஒரு 'ம்' கூடக் கொட்டவில்லை. எஞ்சினை மாற்றிய கோபம் இன்னும் தீரவில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பாதையில் ஒரு முடக்கு வளைவு இருக்கிறது. இரண்டு வண்டி ஒன்றையொன்று தாண்ட இடம் போதாது. கீழேயிருந்து ஏறுகிற வண்டி ஹோர்ன் அடிக்கும். மேலே வண்டி வந்தால் பதிலுக்கு அடிக்கும். பதில் வந்தால் கீழே உள்ளவர் நிற்கவேண்டும். இத்தனை காலமும் எங்கள் லொறிக்கு அது தேவைப்பட்டதில்லை. எங்கள் சத்தம் தூரத்திலேயே கேட்டு, மேலே வருகிறவர்கள் தாங்களே ஒதுங்கிவிடுவார்கள்.

அன்று அவர் ஹோர்ன் அடித்தார். மேலேயிருந்து பதில் வந்தது, நன்றாகவே கேட்டது. அவர் நிற்காமல் கியரை மாற்றி ஏறினார்.

"நில்லுங்க!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். லொறி குலுங்கி நின்றது. ஒரு சாண் தள்ளி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைந்த வேன் ஒன்று நின்றிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஹோர்ன் அடிச்சானா?" என்று கேட்டார்.

"அடிச்சாங்க." அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசமா கேக்கல புள்ள. நம்ம சத்தம் அவங்களுக்குக் கேட்டுச்சு. அது போதும்னு இருந்தேன்."

அன்று சாயங்காலமே சாவியை என் மடியில் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் காது நரம்பு போய்விட்டது, காதில் மெஷின் வைத்தாலும் பெரிதாகக் கேட்காது என்றார்கள். அதற்கடுத்த நாள் நான் யாருக்கும் சொல்லாமல் கராஜுக்குப் போய், பழைய எஞ்சினையே திருப்பிப் போடமுடியுமா என்று கேட்டேன். அது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வேனில் இருந்த பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஆனாலும் கேட்டேன். ஸ்டியரிங் இல்லாத அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அத பழைய இரும்புக்காரன் ஒடச்சு ஏத்திட்டுப் போய்ட்டானே தங்கச்சி" என்றார் நானா.

இப்போது வேறொரு டிரைவர் ஓட்டுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். பேச நல்ல வசதி, ஆனால் எனக்குப் பேச்சு வருவதில்லை. பின்னேரம் நாங்கள் திரும்பும்போது என் வீட்டுக்காரர் ரோட்டோரத்தில் நின்று வளைவையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணில் பட்டால்தான் லொறி வருவது அவருக்குத் தெரியும். நின்றதும் கிட்டே வந்து பொனட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். எஞ்சின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று அப்படித்தான் பார்ப்பார். அவர் கையை எடுக்கும்வரை எஞ்சினை நிறுத்தவேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.