குச்சியில் மூன்று கோடுகள்

இதை நம்பு என்று மேனகா யாரையும் வற்புறுத்துவதில்லை. நேரம் கேட்டால் சொல்வாள், வீட்டைக் கேட்டால் காட்டுவாள். போன ஓகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் நடந்தது.

கொட்டாஞ்சேனையில் பழம்பொருட்கடை வைத்திருக்கும் புஷ்பராஜுக்காக வீடு வீடாகப் போய் விலை மதிப்பது அவள் தொழில். அன்று பார்க்கப் போனது ஒரு துவக்கு. குழல் வாயில் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் போட்டுக் குச்சியால் இடித்து, சக்கிமுக்கிக் கல் உரசி வெடிக்கவைக்கும் அந்தக் காலத்துச் சாமான்.

"அறுபதாயிரத்துக்கு மேல வாய் திறக்காத," என்று புஷ்பராஜ் போனில் சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்த சாருஜாவுக்கு முப்பது வயதிருக்கும். உள்ளறையில் அவளுடைய அம்மா இடுப்பு முறிந்து படுத்திருந்தார். ஒப்பரேஷனுக்காகத்தான் விற்கிறார்கள்.

"அப்பா இருக்கேக்க ஞாயிறுக்கு ஞாயிறு துடைப்பார். அம்மாவை அப்பிடிப் பார்க்கேல்ல," என்று சிரித்தாள். "பெர்மிட் இருக்கு அக்கா. விலை எனக்குத் தெரியாது. நீங்க சொல்றதுதான்."

3.10. மேனகா வழக்கப்படி குச்சியைக் குழலுக்குள் விட்டு, வாயருகே பென்சிலால் கோடு போட்டாள். வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். அடிவரை போயிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் துவக்கு.

குழலுக்குள் சுருள் பள்ளங்கள் தேயவில்லை. கல்லைக் கவ்வும் குதிரையும் அசல். ஆறு லட்சம் தாராளமாகப் பெறும்.

"அறுபதாயிரம்," என்றாள்.

சாருஜா உள்ளறைப் பக்கம் பார்த்தாள். "அவ்வளவுதானா அக்கா?"

"உள்ளுக்கு எல்லாம் துரு, தங்கச்சி. பாருங்கோ." பொய்யை நிரூபிக்கக் குச்சியை மறுபடி விட்டாள்.

தொப்.

எதிலோ மெத்தென்று முட்டியது. பென்சில் கோடு குழல் வாய்க்கு இரண்டு விரல் மேலே நின்றது.

3.22. கை தடுமாறியிருக்கும் என்று நினைத்தாள். புதிதாக ஒரு கோடு போட்டு, குச்சியை உருவிக்கொண்டு, துவக்கைச் சுவர்ப்பக்கம் பார்க்க மேசையில் கிடத்தினாள்.

சாருஜா அம்மாவிடம் கேட்கப் போனாள்.

டக்... டக்... டக்...

மேசையிலிருந்துதான். குழலுக்குள் எதையோ இடிக்கும் சத்தம். ஆனால் குச்சி மேனகாவின் கையில் இருந்தது.

பாணந்துறை ரயில் கடந்து போனது. சத்தம் நிற்கவில்லை.

"அம்மா ஓம் எண்டுறா," என்று வந்தாள் சாருஜா. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. "கொஞ்சம் கூட்டேலாதா?"

"குதிரையும் மாத்தினது. எழுபது தாறன். அதுக்கு மேல ஒருத்தரும் தரமாட்டினம்."

சத்தம் நின்றது.

நெருப்புக்குச்சி அணைந்த வாசம்...

இடிக்கும் குச்சியை மறுபடி குழலுக்குள் விட்டாள். முதல் கோடு நான்கு விரல் மேலே நின்றது. மூன்றாவது கோடு கோணலாக விழுந்தது.

துவக்கின் குதிரை சுடத் தயாராக ஏறி நின்றது. அவள் அதைத் தொடவேயில்லை.

குழல் வாய்...

இப்போது அவளைப் பார்த்தது.

"அக்கா? எழுதுவமா?"

3.31.

"ஆறு லட்சம்," என்றாள் மேனகா. "நான் பொய் சொன்னனான். ஆறு லட்சம் பெறும்."

குச்சி தானாக அடிவரை இறங்கியது.

கடைச் சீட்டில் ஆறு லட்சம் என்றே எழுதிக் கையெழுத்திட்டாள். வேலை போய்விட்டது என்ற நினைப்போடுதான் கொட்டாஞ்சேனைக்குப் போனாள்.

"எவ்வளவு?" என்றார் புஷ்பராஜ்.

"ஆறு லட்சம், அண்ணை."

அவர் ஏசவில்லை. "இந்தப் பக்கம் வந்து சொல்லு," என்று தலையைத் திருப்பினார். வலது காதில் பஞ்சு.

"நான் ரெண்டு கிழமைக்கு முன்னம் அந்த வீட்டுக்குப் போனனான். மகள் வேலைக்குப் போயிட்டாள். தாயிட்ட அறுபது எண்டன், ஓம் எண்டா. எழுதப் பேனையை எடுத்ததுதான்... வெடிச்சது. மனுசி கட்டில்ல கிடந்தபடி, ஏன் தம்பி காதைப் பொத்துறீங்க எண்டு கேக்குறா."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து வைத்தார். டொக்டர் அவர் காதுக்குள்ளிருந்து எடுத்தவை. கருகிய வெடிமருந்துத் துகள்கள்.

"எனக்கு மட்டும்தானா எண்டு தெரியவேணும்," என்றார். "அதுக்குத்தான் உன்னை அனுப்பினன்."