இரண்டு வீட்டுச் செப்புக்காசு

போன வாரம் மைசூரில் பழங்காசுக் கண்காட்சி. கண்ணாடிக்குள் ஒரு செப்புக்காசு. அதில் சிவனும் பார்வதியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மூக்கும் முழியும் தெளிவாக இருந்தன, மேலே மட்டும் பச்சைக் களிம்பு. இதை எப்படிப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி.

எங்களிடமும் அப்படி ஒன்று உண்டு. கொள்ளேகாலைத் தாண்டி எங்கள் ஊர் ராமாபுரத்தில் தாத்தா கிணறு வெட்டும்போது கிடைத்தது. சாமி உருவம் இருந்ததால் பூஜையில் வைத்துவிட்டார். அவருக்குப் பிறகு, ஊரில் இருந்த பெரியப்பாவும் மைசூருக்கு வேலைக்கு வந்த அப்பாவும் ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக் கும்பிடுவதென்று ஏற்பாடு. பெரியம்மாதான் பஸ்ஸில் கொண்டுவருவாள், கொண்டுபோவாள். மஞ்சள் துணியில் முடிந்து மடியிலேயே வைத்திருப்பாள். கொள்ளேகாலில் பஸ் நின்றால்கூட இறங்கி ஒரு காபி குடிக்கமாட்டாள். அவள் வரும் நாளில் எங்கள் வீட்டில் வடை உண்டு. நல்ல நாட்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் காசுக்குப் புளி, பிறகு திருநீறு. லேசாகக் கறுத்திருந்தாலும் பெரியம்மா விடமாட்டாள். "ஏம்புள்ள, மைசூர்ல சாமிக்குத் தண்ணி வாக்கக்கூட நேரமில்லியா?" அதற்காகவே அம்மா விரல் சிவக்கத் தேய்ப்பாள். ஊரில் பெரியம்மா மட்டும் சும்மா இருப்பாளா?

ஒருநாள், பழங்காசு சேர்க்கும் அப்பாவின் நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா இப்பிடித் தேச்சிருக்கீங்க? சிவன் இருக்காரு, பார்வதியக் காணோமே," என்றார். பளபளப்பை மட்டுமே பார்த்துவந்த அம்மா, சாமியின் முகத்தைக் கவனிக்கவே இல்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குடும்பத்துச் சாமியை அழித்தவள் என்று பெயர் வரும், இனி காசு நம் வீட்டுக்கு வராது என்று ஒரே அழுகை.

பெரியம்மா காசைக் கொண்டுபோக வந்தாள். அம்மா விம்மிக்கொண்டே, "அக்கா, என் கையாலதான் அம்மன் போயிட்டா," என்றாள். பெரியம்மா காசை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"அட கிறுக்கி, அவ போன வருசமே போயிட்டா. நீ பாத்துருவியோன்னுதான் நான் குங்குமத்த அப்பிக் கொண்டாந்தேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதற்குப் பிறகாவது தேய்ப்பதை நிறுத்தினார்களா என்றால், அதுவும் இல்லை. சில வருடங்களில் சிவனும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது காசு ராமாபுரத்தில் பெரியப்பா மகன் வீட்டிலேயே இருக்கிறது. கொண்டுவர ஆளில்லை, நாங்களும் கேட்பதில்லை. பொங்கலுக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு. அண்ணன் மகள், "அத்தே, சாமி எந்த சைடு?" என்றாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல அம்மாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை.