சடவு என்றால் எனக்குத் தெரியும்

தெரிந்தே பொய் எழுதினேன். ஒரு பெண் தன் மனவேதனையைச் சொன்னாள். நான் அதை உடல் அசதி என்று பதிந்து மூடிவிட்டேன்!

பிள்ளை பெற்ற தாய்மார்களின் மனநிலையைக் கவனிக்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் எனக்கு வேலை. அவர்கள் வாரம் ஒருமுறை குரல் பதிவு அனுப்புவார்கள். குத்துக்கல்வலசையில் என் வீட்டிலிருந்தபடியே அதைக் கேட்டுச் சுருக்கி எழுதி, பச்சை அல்லது சிவப்பு வைக்க வேண்டும். சிவப்பு என்றால் அன்றைக்கே மருத்துவர் அழைப்பார்; பச்சை என்றால் குரல் பதிவு அழிந்துவிடும், என் குறிப்பு மட்டும் நிற்கும்.

வீரகேரளம்புதூரிலிருந்து செல்வி பேசினாள். முதல் பிரசவம்.

"ஒரே சடவா இருக்கு மேடம். பிள்ளை அழுதாலும் சடவா இருக்கு."

எங்கள் பக்கம் வேலைக் களைப்பும் சடவுதான், எதிலும் பிடிப்பற்றுப் போவதும் சடவுதான். எது என்பதைக் குரலே காட்டிக்கொடுக்கும். எனக்குப் புரிந்தது... நன்றாகவே புரிந்தது!

முன்பொரு கூட்டத்தில் 'அங்கே' என்பதற்கு வாய்தவறி 'அங்கன' என்றேன். சென்னை அலுவலகமே சிரித்தது. சிவப்பு வைத்தால் அங்கே பதிவைப் போட்டுக் கேட்டு, சடவுக்கு என்ன அர்த்தம் என்பார்கள். மறுபடி அத்தனை பேர் முன்னால் என் ஊர்ப் பேச்சை விளக்க வேண்டும். அதற்குக் கூசினேன். இவ்வளவு அற்பக் காரணமா என்கிறீர்களா? ஆம், இவ்வளவுதான்!

நான்கு வாரமும் அவள் சடவு என்றாள். நான்கு வாரமும் பச்சை வைத்தேன்.

ஐந்தாம் வாரம் பதிவு வரவில்லை. அழைத்தேன். தங்கை எடுத்தாள்.

"அக்கா பிள்ளைய ஐந்தருவி பக்கம் ஒரு கடையில படுக்க வச்சிட்டு, அவ பாட்டுக்கு காட்டுக்குள்ள போயிட்டா மேடம். தேடிப் புடிச்சிக் கொண்டாந்திருக்கோம்."

இருவருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டேன், வெட்கமில்லாமல்! செல்வி சிகிச்சையில் தேறிவருகிறாள். குழந்தையை மட்டும் மாமியார் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

நேற்று அவளே பேசி அனுப்பியிருந்தாள்.

"பிள்ளைய தரமாட்டேங்காவ மேடம். திமிர்ல போட்டுட்டுப் போனேன்னு சொல்லுதாவ. நா வாராவாரம் ஒங்ககிட்ட சொன்னேம்லா... எழுதி வச்சிருப்பீயள்லா? அத அனுப்புங்க. இவியகிட்ட காட்டுதேன்."

அவளுடைய பதிவேட்டைத் திறந்தேன். நான்கு பச்சை. நான்கிலும் நான் எழுதிய ஒரே வரி: 'லேசான உடல் அசதி. தாய் நலம்.'

இதை அனுப்பினால் அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். உண்மையைச் சொல்லலாம்... வாய் வரவில்லையே! இன்று காலையும் அவள் குரல் வந்தது.

"அனுப்பிட்டீயளா மேடம்?"