அத்தான் போட்ட ஜாயின்ட்

துறைமுகத்தில் அவருக்குக் களிம்பு என்று பட்டப்பெயர். படகுகளில் மின்வேலை பார்ப்பவர். செம்பு வயரில் பச்சையாகப் பூக்கும் களிம்பைச் சுரண்டியே பாதி ஆயுளைக் கழித்தவர். மீதிப் பாதி படகுக்காரர்களைத் திட்டுவதில் போயிற்று. பேட்டரி முனை பளபளக்க வேண்டுமென்று அதைக் கடல்தண்ணீரால் கழுவிய ஒரு மகானிடம், "அடுத்த தடவ சோப்பும் போட்டுருங்க" என்றார். சுவிட்ச் பெட்டிக்குள் ஈரம் புகாமலிருக்கத் துணி திணித்தவருக்கு, அந்தத் துணியையே பிழிந்து காட்டினார். கூலியும் கொடுத்து வசவும் வாங்கிக்கொள்ள எல்லாரும் பழகியிருந்தார்கள்.

அந்த வாய் ஒரே ஒரு படகில் மட்டும் மௌனவிரதம் இருக்கும். அது அக்காள் புருஷனுடையது. வேலைவெட்டி இல்லாமல் சுற்றிய காலத்தில் இரண்டு வருஷம் சோறு போட்டவர் அத்தான். அவரை எப்படிக் குறை சொல்வது?

அத்தானுக்கோ மின்வேலை கைவந்த கலை. வீட்டில் ஒருமுறை ஃபேன் மாட்டியிருக்கிறார். அது இன்னும் கீழே விழவில்லை. அந்தத் தைரியத்தில், படகின் அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்புக்கு, வீட்டுக்கு இழுத்ததில் மிஞ்சிய வயரை முறுக்கிக் கட்டி, மேலே கறுப்பு டேப் சுற்றினார். ஜாயின்ட் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். என்ன சொல்ற மாப்ள?"

களிம்பு குனிந்து பார்த்தார். டேப்புக்குள் உப்புத்தண்ணீர் ஏறும், வயர் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும், ஆறு மாசம் தாங்கினால் அதிகம். வேறு யாராவது செய்திருந்தால் அவன் பரம்பரையே அன்று சந்தி சிரித்திருக்கும். இவரோ, "நல்லாருக்கு அத்தான்" என்றார். அத்தான் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரித்துக் கட்டிவிடலாம் என்று எண்ணம். அந்த நேரம், நல்ல காரியங்களுக்கு வழக்கமாக வாய்க்கிற நேரத்தைப் போலவே, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது.

ஐந்தாம் மாதம் நடுக்கடலில் பம்ப் நின்றது. ஒன்பது மணி நேரம் வாளியால் இறைத்தே அத்தான் படகைக் கரை சேர்த்தார். இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் களிம்பு படகுக்குள் இறங்கி வயரை இழுத்துப் பார்த்தார். டேப்போடு கையில் வந்தது. உள்ளே செம்பு பச்சை மாவாக உதிர்ந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பம்ப் ஏன் நின்றது என்று கேட்டாள். ஜாயின்ட் என்றார்.

"நீ பாத்ததுதான?"

"பாத்தேன்க்கா."

"தாங்காதுன்னு தெரியுமா?"

"தெரியும். அத்தான் மனசு சங்கடப்படுமேன்னு..."

அக்காள் அழவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ கருவி சீராகக் கத்திக்கொண்டிருந்தது.

"நீ சரின்னு சொல்லிட்டேங்கிற தெம்புலதாண்டா அவரு அவ்ளோ தூரம் போனாரு. ஊரையே அந்தத் திட்டு திட்டுற. எங்கள மட்டும் ஏண்டா திட்டாம விட்ட?"