அட்டையின் வெள்ளைப் பக்கம்

புத்தூரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்தும் முனிகிருஷ்ணனுக்கு இங்கிலீஷ் வராது. அது ஒன்றும் குற்றமில்லை. வராததை மறைக்க, எழுத்தின் ஒலியைக் கூட்டிப் படிக்கவைக்கும் முறை என்று அவர் வாங்கி வந்த 'போனிக்ஸ்' பெட்டிதான் ரோஹிணியின் வயிற்றெரிச்சல். பெட்டி நிறைய வார்த்தை அட்டைகள், வாசலில் பேனர். பேனரில் குழந்தைகளைவிட அவர் படம் பெரியது.

ரோஹிணி வடமாலபேட்டைக்காரி. எம்.எஸ்சி. முடித்தவள். கணவன் ஹேமநாத் ஸ்ரீ சிட்டி ஃபேக்டரிக்கு ஷிப்ட் பஸ் ஏறியதும், இவள் இங்கே யு.கே.ஜி.க்குப் பாடம் எடுக்க வந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதே பிழைப்பு. குழைந்து பேச வராது, சொல்லிக்கொடுக்க வரும். 'ஏட்' (at) என்ற முடிவைக் குழந்தைகளின் காதில் ஏற்றிவிட்டு, முன்னால் வரும் ஒலியை மட்டும் மாற்றிப் போடுவாள். கேட், பேட், மேட். பிறகு பெட்டியில் இல்லாத ஒரு வார்த்தையை போர்டில் எழுதி, குழந்தை தானே கூட்டிப் படிக்கும்வரை பேசாமல் நிற்பாள்.

முனிகிருஷ்ணனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

"எதுக்கும்மா சும்மா நின்னுக்கினு கீற? வரிசையா ஒப்பிக்க வையி. பேரண்ட்ஸுக்குச் சத்தம் கேக்கணும்" என்பார்.

ஒப்பித்தார்கள். எழுத்தை ஏறெடுத்தும் பாராமல், கூரையைப் பார்த்தபடி பெட்டி முழுவதையும் ஒப்பிக்கும் சூரர்கள்.

கூலி வேலை செய்யும் வீராசாமியின் மகள் மோனிகா மட்டும் ஒப்பிக்க மாட்டாள். எழுத்தைப் பார்ப்பாள், உதட்டை அசைப்பாள், அப்புறம்தான் சொல்வாள். புது வார்த்தையானாலும் சொல்வாள். அந்த வகுப்பில் நிஜமாகப் படிக்கத் தெரிந்த ஒரே குழந்தை. அவளை 'ஸ்லோ' என்று முத்திரை குத்தி, பெற்றோர் நாளன்று மேடையில் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லாவிட்டால் மறுபடியும் யு.கே.ஜி.தான் என்று சொல்லிவிட்டார் அந்தப் பெரிய மனுஷர் முனிகிருஷ்ணன்.

ரோஹிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றோர் எதிரிலேயே இந்தக் கூத்தைப் போட்டு உடைப்பது என்று முடிவு செய்தாள்.

பெற்றோர் நாளன்று மேடையில் முதல் இரண்டு அட்டைகளை ஒழுங்காகக் காட்டினாள். மூன்றாவதைத் திருப்பி, ஒன்றும் எழுதாத வெள்ளைப் பக்கத்தைக் காட்டினாள். "மேட்!" என்று கத்தினார்கள் பிள்ளைகள். அடுத்ததையும் அப்படியே காட்டினாள். "ரேட்!" கீழே கைதட்டல் காதைப் பிளந்தது. செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அட்டையைப் பார்க்கத் தோன்றவில்லை. இப்படியுமா ஜனங்கள் இருப்பார்கள்?

மோனிகா வெள்ளை அட்டையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

முனிகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். "சூசாரா, பாத்தீங்களா? எல்லாம் சொல்லுதுங்க. இந்தப் பாப்பா மட்டும் இன்னொரு வருஷம் இதே கிளாஸ்ல இருக்கட்டும்."

பொய்யைக் காட்டிக்கொடுக்கப் போட்ட திட்டம் குழந்தையின் தலையிலேயே விடிந்துவிட்டது. மேடையோரம் தலை குனிந்து நின்ற வீராசாமியிடம் ரோஹிணி விறுவிறுவென்று போய் அட்டையின் வெள்ளைப் பக்கத்தை நீட்டினாள்.

"இதுல இன்னா எழுதிகீது, அண்ணா?"

"ஒண்ணும் இல்லியே டீச்சர்."

"மேடையில இந்தப் பக்கத்தத்தான் காட்டினேன். அதான் உங்க பொண்ணு சும்மா நின்னா. இங்க படிக்கத் தெரிஞ்சது அவ ஒருத்திக்குத்தான்."

வீராசாமி அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மேடையேறி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"டி.சி. குடு சார்" என்றார்.